நிலக்கரித் தளத்தைத் தணிக்கை செய்ய வருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாதுகாப்புத் தணிக்கைக் குழுவினருக்கும், தணிக்கை அறிக்கையைப் பெற்றுக்கொள்ளும் நிர்வாகங்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் வட்டாரத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரி கொதிகலனுக்குப் போய்ச் சேரும்வரை நடக்கும் வேலையை நன்கு அறிந்தவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கரியைச் சுமந்து செல்லும் பெல்ட்டை ஓட்டுபவர்கள், பராமரிப்பு பார்ப்பவர்கள், பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்கள் எல்லோரும் எங்களில் உண்டு. எந்த ஒரு நிலையத்தின் மீதும் புகார் சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. தணிக்கை நடக்கும் விதத்தைப் பற்றித்தான் பேச வருகிறோம். கோப்பு பார்க்கும் நேரத்தில் பாதியையாவது பெல்ட் ஓரத்தில் செலவிடுங்கள். உயிர் காக்கும் தடுப்பு ஒவ்வொன்றையும் அங்கேயே இயக்கிப் பாருங்கள். வேலை செய்தால் மதிப்பெண் கொடுங்கள், செய்யாவிட்டால் கொடுக்காதீர்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 375 பேர் இறந்தார்கள். 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டில் ராஜ்மகால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 பேர் மாண்டார்கள். இப்படி எத்தனையோ சாவுகளுக்குப் பிறகு இன்று நடைமுறையில் இருப்பவைதான் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் 2017. ஒவ்வொரு சுரங்கமும் தன்னிடம் உள்ள பெரிய அபாயங்களைத் தானே கண்டறிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தடுப்பு எது, பொறுப்பாளி யார் என்று பாதுகாப்பு மேலாண்மைத் திட்டமாக எழுதி வைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூரின் காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. இறங்கியதும் சுரங்கத்தின் ஒழுங்குமுறை அதைவிட்டு விலகிவிடுகிறது. தானாகச் சூடேறும் குணமும், தூளானால் வெடிக்கும் குணமும் கரியைவிட்டு விலகுவதில்லை.

இதுவரை சட்டம் மூன்றாகப் பிரிந்து கிடந்தது என்று காரணம் சொல்லலாம். சுரங்கத்துக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம், கப்பல்துறைத் தொழிலாளருக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம், ஆலைக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு 2020, இந்த மூன்றையும் தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் அதற்குள் ஒரு வேறுபாடு தொடர்கிறது. சுரங்கத்தில் 100 பேர் இருந்தாலே பாதுகாப்பு அலுவலர் வேண்டும், அபாயச் செயல்முறை உள்ள ஆலையில் 250 பேர் இருந்தால்தான் வேண்டும் என்கிறது அது. சட்டம் கேட்கும் குறைந்த அளவோடு நீங்களும் நின்றுவிடாதீர்கள்.

தணிக்கை அறிக்கைகளில் முதல் பக்கத்தைப் பிடிப்பது விபத்து வீதம். பத்து லட்சம் மனித மணி நேரத்துக்கு வேலையிழப்பு விபத்து எத்தனை என்ற கணக்கு. 500 பேர் ஆண்டுக்கு 2,400 மணி நேரம் வேலை செய்தால் 12 லட்சம் மணி. ஒரு விபத்து நடந்தால் வீதம் 0.83, நடக்காவிட்டால் 0. சராசரியாக ஆண்டுக்கு ஒரு விபத்து நடக்கக்கூடிய தளத்தில்கூட, ஒன்றுமே நடக்காமல் ஓர் ஆண்டு கழிய 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆகவே 'இந்த ஆண்டு விபத்தில்லை' என்பதை வைத்து நிர்வாகம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதோடு, கை நசுங்கியவரை வீட்டுக்கு அனுப்பாமல் அலுவலகத்தில் உட்கார வைத்தால் அது வேலையிழப்பு விபத்தாகக் கணக்கில் ஏறாது. ஒப்பந்தக்காரரின் ஆள் அடிபட்டால் அது ஒப்பந்தக்காரரின் பதிவேட்டோடு நின்றுவிடக்கூடும். வீதத்தைப் பார்ப்பதற்கு முன் முதலுதவி அறைப் பதிவேட்டையும், ஒப்பந்தத் தொழிலாளரின் வருகைப் பதிவையும், ஈ.எஸ்.ஐ. சிகிச்சைச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நூலிழையில் தப்பிய சம்பவங்களின் பதிவு கூடியிருந்தால் அதைக் குறையாக எழுதாதீர்கள். பதிவே இல்லாத தளத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆய்வில் தேறிய இடமெல்லாம் பாதுகாப்பான இடமல்ல என்பதற்குப் பெரிய சான்று துருக்கியின் சோமா சுரங்கம். 2014 மே 13 அன்று அங்கே 301 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டே மாதம் முன்பு நடந்த அரசு ஆய்வில் குறை எதுவும் குறிக்கப்படவில்லை. அமெரிக்காவில் 2010 ஏப்ரலில் 29 பேரைக் கொன்ற அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் இரண்டு விதமான பதிவேடுகள் இருந்ததை விசாரணை வெளிக்கொண்டு வந்தது. அபாயங்களை உள்ளபடி எழுதிய ஏடு ஒன்று, ஆய்வாளருக்குக் காட்டும் ஏடு மற்றொன்று. பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் தணிக்கையால் இந்த இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

இனி பெல்ட்டுக்கு வருகிறோம். எங்கள் பகுதியில் ஆட்களை அதிகம் ஊனமாக்கக்கூடிய பொருள் அதுதான்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரி என்று வைத்துக்கொண்டால், 600 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழுச் சுமையில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 டன் கேட்கும். அவ்வளவும் பெல்ட்டில்தான் போக வேண்டும். அதனால் பெல்ட்டை நிறுத்துவது என்றாலே எல்லோருக்கும் தயக்கம். விபத்துக்கான நெருக்கடி இந்தத் தயக்கத்தில்தான் தொடங்குகிறது.

நடப்பதை வரிசையாகச் சொல்கிறோம். தலைப்பக்க உருளையில் கரியைச் சுரண்டி எடுக்கும் ஸ்கிரேப்பர் பிளேடு தேய்கிறது. மாற்றவில்லை, அல்லது அழுத்தத்தைச் சரிசெய்யவில்லை. ஈரக் கரி பெல்ட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே திரும்புகிறது. திரும்பும் வழியில் ரோலர்களில் உதிர்ந்து, பெல்ட்டின் கடைசி முனை உருளையான டெயில் புல்லிக்கு அடியில் மேடாகக் குவிகிறது. மேடு உயர்ந்து கீழ் ரோலரை மூடுகிறது. பேரிங்கில் தூள் ஏறி ரோலர் சுற்றாமல் நிற்கிறது. நின்ற ரோலர் மீது பெல்ட் உரசி உரசிச் சூடேறுகிறது, ஓரம் கிழிகிறது, பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. அந்த மேட்டை அள்ள ஒருவர் மண்வெட்டியோடு டெயில் புல்லிக்கு அருகில் போகிறார். மண்வெட்டி போக இடம் வேண்டுமென்று கம்பி வலைத் தடுப்பைக் கழற்றுகிறார். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது.

விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் பெல்ட், ஒருவர் திடுக்கிட்டுக் கையை இழுக்க எடுக்கும் அரை விநாடிக்குள் ஒன்றரை மீட்டர் போய்விடும். பிடித்திருக்கும் மண்வெட்டியை அவர் விடுவதற்குள் கை தோள்பட்டைவரை உள்ளே போய்விடும் என்று பொருள். அவசரக் கயிற்றை வேறொருவர் இழுத்தாலும், பெல்ட் நிற்க 10 விநாடி பிடித்தால் அதற்குள் இன்னும் 15 மீட்டர் ஓடிவிடும். உருளைக்குள் ஏற்கெனவே சிக்கியவரைக் கயிற்றால் காப்பாற்ற முடியாது. அங்கே அவரைக் காக்கக்கூடியது வலைத் தடுப்பு மட்டும்தான். ஆகவே உங்கள் படிவத்தில் 'தலைக்கவசம் அணிந்திருந்தார்களா' என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டியவை இவை: ஸ்கிரேப்பர் பிளேடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்? டெயில் புல்லிக்கு அடியில் குவிந்த கரி ரோலரைத் தொடுகிறதா? வலைத் தடுப்பின் போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, கட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறதா? கிரீஸ் அடிக்கும் முனை தடுப்புக்கு வெளியே குழாய் போட்டு நீட்டப்பட்டிருக்கிறதா? அது உள்ளேயே இருந்தால், கிரீஸ் அடிக்க வரும் ஒவ்வொரு முறையும் தடுப்பைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய தடுப்பு ஒருநாள் திரும்ப மாட்டப்படாமல் போகும். இந்த ஒரு குழாய்க்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

அவசரக் கயிறு, எங்கள் பேச்சில் புல் கார்டு, சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நெம்புகோலைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. இரண்டு சுவிட்ச்சுகளுக்கு நடுவில், கயிறு அதிகம் தொய்ந்திருக்கும் இடத்தில், ஒரு கையால் இழுக்க வேண்டும். பெல்ட்டைக் காலியாக ஓடவிட்டு இழுங்கள். நிற்க எத்தனை விநாடி என்று குறியுங்கள். எந்த சுவிட்ச் விழுந்தது, அதாவது செயல்பட்டு பெல்ட்டை நிறுத்தியது என்று கட்டுப்பாட்டு அறைத் திரையில் சரியான எண் காட்டுகிறதா என்று கேளுங்கள். நேரில் வந்து சுவிட்ச்சை விடுவிக்காமல் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே மீண்டும் ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது பெருங்குறை. மறுபடி ஓடுவதற்கு முன் சைரன் ஒலிக்கிறதா, அது பக்கத்து பெல்ட் ஓடும் இரைச்சலிலும் கடைசி ரோலர் அருகில் நிற்பவருக்குக் கேட்கிறதா என்பதும் இதே சோதனையில் தெரியும். நடைபாதை இரண்டு பக்கமும் இருந்தால் கயிறும் இரண்டு பக்கமும் வேண்டும். கயிறு தாங்கிக் கொக்கிகளில் துரு ஏறி இறுகியிருக்கும். உப்புக் காற்று வீசும் எண்ணூரில் இது சீக்கிரமே நடக்கும்.

எத்தனை சுவிட்ச்சுகளைச் சோதிப்பது? வழிகாட்டி காட்டும் இரண்டைச் சோதித்துவிட்டுப் போகாதீர்கள். தளத்தில் பத்தில் ஒரு சுவிட்ச் பழுது என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் 10 சுவிட்ச்சுகளை எடுத்துச் சோதித்தால், பழுதான ஒன்றாவது கண்ணில் படும் வாய்ப்பு 65 சதவீதம்தான். 22 சோதித்தால் 90 சதவீதம். எண்களைச் சீட்டில் எழுதி நீங்களே எடுங்கள், காலையில் தளத்துக்குப் போகும் வழியில் எடுங்கள், முந்தைய நாள் சொல்லிவிடாதீர்கள். பெல்ட் ஒதுங்கல் சுவிட்ச், வேகம் விழுந்தால் நிறுத்தும் சுவிட்ச், சூட் (ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்குக் கரி விழும் குழாய்) அடைத்தால் நிறுத்தும் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. சுவிட்ச் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள். அடிக்கடி விழுந்து தொல்லை தரும் சுவிட்ச்சில் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருப்பார்கள். அதை மாட்டியவரைத் தேடுவதைவிட, அது ஏன் அடிக்கடி விழுந்தது என்று கேட்பது பயன் தரும். பெரும்பாலும் பெல்ட் நேராக ஓடவில்லை, அல்லது கரி நடுவில் விழவில்லை என்பதே காரணமாக இருக்கும்.

லைன் கிளியர், அதாவது பழுது பார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுக்கும் அனுமதி, விஷயத்தில் பெர்மிட் புத்தகத்தைப் புரட்டுவது போதாது. நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து பின்னோக்கி நடந்து போங்கள். மோட்டாரின் பிரேக்கர் வெளியே இழுக்கப்பட்டிருக்கிறதா, பூட்டு இருக்கிறதா, பூட்டில் எத்தனை சாவி? பெல்ட் மீது ஆறு பேர் இருந்தால் ஆறு பூட்டு இருக்க வேண்டும், அவரவர் சாவி அவரவர் பையில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் ஒருவரின் ஒற்றைப் பூட்டு போதும் என்று விட்டால், ஷிஃப்ட் மாறும்போது உள்ளே ஒருவர் இருப்பதே தெரியாமல் பூட்டைத் திறந்துவிட வாய்ப்பு உண்டு. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் நின்றது என்றும் நினைக்கக் கூடாது. பெல்ட்டை இறுக்கி வைத்திருக்கும் எதிர் எடை பல டன் கனத்தோடு தொங்கிக்கொண்டிருக்கும். சரிவில் ஏறும் பெல்ட் கரியோடு நின்றால் பின்னோக்கி உருளப் பார்க்கும். எதிர் எடையைக் கட்டி நிறுத்தினார்களா, பெல்ட்டுக்குக் கவ்வி போட்டார்களா என்று நேரில் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் நிலைமை வேறு. அக்டோபர் முதல் டிசம்பர்வரை கரியைக் குவித்து வைக்கும் திறந்தவெளியான யார்டில் நனைந்த கரி களிமண் போல ஒட்டும். சூட் அடைக்கும், கொதிகலனுக்குப் போகும் கரியைத் தேக்கி வைக்கும் தொட்டியான பங்கரின் சாய்வுச் சுவரில் பிடித்துக்கொண்டு கீழே இறங்காது. மேலே பார்த்தால் நிறைந்திருக்கும், நடுவில் குழல் போல ஓட்டை விழுந்திருக்கும், அல்லது அடியில் வெற்றிடமும் மேலே பாலம் போன்ற கரியுமாக நிற்கும். கொதிகலன் பக்கத்திலிருந்து 'கரி வரவில்லை' என்று போன் வரும். அப்போது இரும்புக் கம்பியோடு ஒருவர் இறங்குகிறார். பாலமாக நின்ற கரி அவரோடு சேர்ந்து சரிகிறது. இடுப்புவரை புதைந்துவிட்டால் கயிறு கட்டி இழுத்தாலும் வெளியே எடுப்பது கடினம், நெஞ்சுவரை புதைந்தால் மூச்சே விட முடியாது.

பங்கருக்குள் ஆள் இறங்கக் கூடாது என்பதே முதல் விதி. மேலே உள்ள கம்பித் தட்டின் வழியாகவே குத்த வேண்டும். அதிர்வுக் கருவியும் காற்று வெடிப்பானும் வேலை செய்தால் குத்தவே தேவையிருக்காது. ஆகவே தணிக்கையில் முதலில் அவற்றை இயக்கச் சொல்லுங்கள். பல நிலையங்களில் அவை மழைக்கு முன் சரிபார்க்கப்படுவதில்லை என்பது எங்கள் கணிப்பு. தவிர்க்க முடியாமல் இறங்க வேண்டி வந்தால், கீழே கரியை வெளியே எடுக்கும் ஃபீடருக்கும் மேலே கரி கொட்டும் பெல்ட்டுக்கும் தனித்தனிப் பூட்டு, உடலில் முழுக் கச்சை, மேலே கயிறு பிடிக்க ஆள், உள்ளே ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமலும் கார்பன் மோனாக்சைடு 50 பி.பி.எம்.முக்குள்ளும் இருப்பதாக மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் அளவு. அளக்கும் கருவியையும் சோதியுங்கள். தெரிந்த அளவு வாயு நிரப்பிய சிறு உருளையைக் காட்டி, எண் சரியாக ஏறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று அன்றன்று பார்க்க வேண்டும். அந்த உருளை ஸ்டோரில் இல்லையென்றால் கருவி பல மாதமாகச் சோதிக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மீட்புக்கு யார் வருவார்கள், முக்காலியும் கப்பியும் எங்கே இருக்கின்றன, எத்தனை நிமிடத்தில் பங்கர் மாடிக்கு வந்து சேரும் என்பதைக் கடிகாரம் வைத்து ஒருமுறை நடத்திப் பாருங்கள்.

யார்டில் குவித்த கரி தானாகச் சூடாவது சுரங்கத்துக்கு மிகப் பழைய எதிரி. 1994 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மோரா எண் 2 சுரங்கம் வெடித்து 11 பேர் இறந்தார்கள். கரி சூடேறுவதற்கான அறிகுறிகள் முன்பே தெரிந்திருந்தன. தார் போன்ற வாடையைச் சிலர் உணர்ந்தார்கள், கார்பன் மோனாக்சைடு கூடிக்கொண்டு வந்தது. அந்தத் தகவல்கள் ஒரே இடத்தில் சேரவில்லை, இன்ன அளவு வந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்ற எல்லையும் முன்கூட்டியே வகுக்கப்படவில்லை. அதன் பிறகுதான் அளவு எட்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை, சுரங்கத்தார் 'டார்ப்' என்று சொல்வது, அங்கே வேரூன்றியது. நம் நாட்டுச் சுரங்கங்களின் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டத்திலும் அது இடம்பெறுகிறது. எங்கள் யார்டுகளில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கரிக் குவியலில் பெரிய கட்டிகள் சரிந்து அடிவாரத்தில் சேரும், தூள் நடுவில் தங்கும். அடிவாரத்துக் கட்டிகளின் இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போய், தூள் பகுதியில் மெல்ல ஆக்சிஜனைக் கொடுக்கும். வெப்பம் வெளியேற வழியில்லை. ஆகவே பெரும்பாலும் சரிவுக்கு உள்ளே ஓரிரு மீட்டரில்தான் சூடு பிறக்கும். கடற்காற்று நேராக அடிக்கும் சரிவை முதலில் பாருங்கள். காய்ந்த கரி மழையில் நனையும்போது அந்த ஈரத்தை உறிஞ்சுவதாலேயே இன்னும் சூடேறும். ஈரப்பதமும் ஆவியாகும் பொருளும் அதிகமுள்ள இந்தோனேசியக் கரி இதில் விரைவானது. அடுக்கடுக்காகக் கொட்டி டோசரால் இறுக்க வேண்டும், முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும், வெவ்வேறு கரியை ஒரே குவியலில் கலக்கக் கூடாது. குவியல் எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற பலகை அதன் முன் நிற்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இதில் தணிக்கையை அடிக்கடி ஏமாற்றுவது அகச்சிவப்பு வெப்பமானி. அது கரியின் மேல் தோலை மட்டும் அளக்கும். உள்ளே 70 டிகிரி இருந்தாலும் மேலே வெயிலின் அளவைத்தான் காட்டும். இரண்டு மூன்று மீட்டர் நீளக் குழாயில் செருகிய தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரிதான் வேண்டும். அட்டவணைக்கு ஒரு மாதிரி சொல்கிறோம்: 50 டிகிரிக்குக் கீழே வாரம் ஒருமுறை அளவு. 50 தாண்டினால் தினமும் அளவு, சரிவை டோசரால் இறுக்குவது. 60 தாண்டினால் அந்தக் குவியலை முதலில் எடுத்துத் தீர்ப்பது. 70 தாண்டினாலோ புகை, தார் வாடை வந்தாலோ நீண்ட கை எக்ஸ்கவேட்டரால் தூரத்திலிருந்து வெட்டி எடுத்து, மெல்லிய படுகையாகப் பரப்பி ஆறவிடுவது. ஒவ்வொரு நிலைக்கும் எதிரே பதவியின் பெயர் இருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு யார்டில் நிற்கும் ஷிஃப்ட் பொறுப்பாளர், மேலே யாரையும் கேட்காமல் எந்த நிலைவரை தானே முடிவெடுக்கலாம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவரையே தனியாக அழைத்துக் கேளுங்கள். அட்டவணை அவர் வாயிலிருந்து வந்தால் இருக்கிறது, கோப்பிலிருந்து மட்டும் வந்தால் இல்லை.

கனன்ற இடத்தில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவது பெரிய ஆபத்து. கனலும் கரியும் நீராவியும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் பிறக்கும். உள்ளே எரிந்து வெற்றிடமான இடத்தின் மேல் ஓடு மட்டும் நிற்கும், அதன் மீது டோசர் ஏறினால் இயந்திரத்தோடு உள்ளே இறங்கிவிடும். கனலும் கட்டி ஒன்று பெல்ட்டில் ஏறினால் பெல்ட்டே பற்றும். பெல்ட் ஓடும் கூடமான, சரிவாக ஏறும் மூடிய கேலரி புகைபோக்கி போல வேலை செய்து தீயை மேலே இழுக்கும். யார்டிலிருந்து எடுக்கும் பெல்ட்டின் தொடக்கத்தில் கனல் கண்டறியும் கருவியும் நீர்த் தெளிப்பும் இருக்கின்றனவா, தெளிப்பு வால்வு கடைசியாக எப்போது முழுதாகத் திறக்கப்பட்டது என்று கேளுங்கள். முனைகளில் பாதி கரித்தூளால் அடைத்திருக்கும்.

கரித்தூளுக்கு ஒரு சிறு கணக்கு. தரையில் 1 மில்லிமீட்டர் கனத்தில் படிந்த தூள் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிராம். ஐந்து மீட்டர் உயரமுள்ள கேலரியில் அது எழும்பினால் கன மீட்டருக்கு 100 கிராம். கரித்தூள் மேகம் வெடிக்க 50, 60 கிராமே போதும். பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1906இல் 1,099 பேரைக் கொன்றது கரித்தூள் வெடிப்புதான். காகிதக் கிளிப்பின் கம்பிக் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அதைத் தூளில் வைத்துப் பார்த்தால் மறைகிறதா இல்லையா என்று தெரியும். தரையில் மட்டும் பார்க்காதீர்கள். கேபிள் தட்டு, இரும்பு விட்டத்தின் மேல் விளிம்பு, விளக்குக் கூண்டு ஆகியவற்றின் மேல்தான் யாரும் துடைக்காத தூள் கிடக்கும். முதல் சிறு வெடிப்பு அதைக் கிளப்பிவிட்டால் இரண்டாவது வெடிப்பு பெரிதாக இருக்கும். அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் எங்கே இருந்தாலும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கேஸ் கட்டிங், வெல்டிங் நடந்த இடத்தில் வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது தீக்காவல் ஆள் நின்றாரா என்பதைக் கையெழுத்தை வைத்துச் சொல்லாமல், பணிப் பதிவில் அந்த ஆள் அந்த நேரம் வேறெங்கே காட்டப்படுகிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூச்சில் போகும் நுண்தூளுக்கு, குவார்ட்ஸ் 5 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள கரியில், கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வைத்த எல்லை. அளவுக் கருவியை அலுவலக வராந்தாவில் வைக்காமல், பெல்ட்டுகள் சந்திக்கும் ஜங்ஷன் டவரில் கூட்டுபவரின் சட்டைக் காலரில் முழு ஷிஃப்ட்டும் மாட்டுங்கள்.

சுரங்கத்திலிருந்து நாங்கள் மிகவும் விரும்பிக் கேட்பது தொழிலாளர் ஆய்வாளர் முறை. 1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுரங்கத்தில் சங்கத்தைக் கலந்து மூன்று தொழிலாளர் ஆய்வாளர்களை நியமிக்கச் சொன்னன. சுரங்க வேலைக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், இயந்திரத்துக்கு ஒருவர். அவர்கள் பார்த்ததைப் பதிவேட்டில் எழுதுவார்கள், நிர்வாகம் அதற்கு எதிரே எடுத்த நடவடிக்கையை எழுத வேண்டும். நிலக்கரித் தளத்தில் இதே போல இயந்திரத்துக்கு ஒருவரும் மின்சாரத்துக்கு ஒருவரும் போதும். அதில் ஒருவராவது ஒப்பந்தத் தொழிலாளராக இருக்க வேண்டும். சூட் குத்துபவர்களும், டெயில் புல்லியில் அள்ளுபவர்களும், பங்கர் மாடியில் நிற்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். பாதுகாப்புக் குழுக் கூட்டத்திலோ அவர்களைப் பார்ப்பது அபூர்வம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல ஊரிலிருந்து வருகிறார்கள். பெர்மிட் ஆங்கிலத்தில் இருக்கிறது, பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. 'புரிந்ததா' என்று கேட்டால் தலையாட்டுவார்கள். கேட்காதீர்கள், செய்யச் சொல்லுங்கள். பெல்ட்டை இப்போது நிறுத்து என்று ஒடியாவிலோ இந்தியிலோ சொல்லி, அவர் கை கயிற்றுக்குப் போக எத்தனை விநாடி என்று பாருங்கள்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டுமானத்தில் இருந்த அனல் மின் நிலையத்தில் எஃகு வளைவு சரிந்து 9 பேர் இறந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்து உழைத்தவர்கள். கட்டுமானத் தளமும் ஓடும் தளமும் வேறு வேறு பிரிவு என்று தணிக்கையைப் பிரித்துக்கொள்ளாதீர்கள். இரண்டிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: இந்த வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உயரத்தில் நிற்கும் அந்த ஆளுக்கு இருக்கிறதா, நிறுத்தினால் அவர் அன்றைய கூலி போகுமா?

அறிக்கை எழுதும் முறையிலும் மாற்றம் வேண்டும். நூற்றுக்கு 92 என்ற மொத்த மதிப்பெண்ணால் யாருக்கும் பயன் இல்லை. தீயணைப்பு வாளிக்குப் பெயின்ட் அடித்த மதிப்பெண், வேலை செய்யாத புல் கார்டின் மதிப்பெண்ணை ஈடுகட்டிவிடும். உயிர் காக்கும் தடுப்புகளுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். சோதித்தது எத்தனை, தேறியது எத்தனை என்று மட்டும் எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். போன தணிக்கையில் மூடியதாகக் காட்டிய குறைகளில் ஐந்தை எடுத்து நேரில் போய்ப் பாருங்கள். மூடியதாக எழுதியது திறந்து கிடந்தால் அதையே அறிக்கையின் முதல் வரியாக்குங்கள். அந்தப் பக்கத்தின் நகலைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கேன்டீன் வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்த தணிக்கைக்குத் தேதி குறிக்கும்போது, எல்லாம் காய்ந்திருக்கும் மார்ச், ஏப்ரலைத் தவிருங்கள். நவம்பரில், இரண்டு நாள் விடாமல் மழை பெய்த பிறகு வாருங்கள். இரவு ஷிஃப்டில், 10 மணிக்கு மேல் தொடங்குங்கள். டார்ச், மூன்று மீட்டர் தெர்மோகப்பிள் குழாய், கடிகாரம், எண் எழுதிய 22 சீட்டு கொண்டு வாருங்கள். மற்றதை எங்கள் ஆட்கள் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
வட சென்னை நிலக்கரித் தளங்களின் இயக்கம், பராமரிப்பு, பாதுகாப்புப் பணிகளில் இருப்போர்